எரிந்த காமனும் உதையுண்ட காலனும்



ஆலய மலரில் அம்பாளின் அருட்திறத்தையும் விழாவின் சிறப்பையும் எழுதுவதே வழக்கம். இம்முறை நான் மரணத்தைப் பற்றி எழுத எடுத்துக்கொண்டேன். மங்கலமான நாளில் இந்தப் பேச்சு எதற்கு என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். ஆனால் நம் தோட்டத்து முன்னோர் அப்படி எண்ணவில்லை. அவர்கள் சாவையே நடுவில் வைத்து ஒரு விழா எடுத்தார்கள். மாசி மாதத்தில் நம் மலைகளில் நடக்கும் காமன் கூத்துத்தான் அது. கோயிலில் சாமி புறப்படும்போது ஒலிக்கும் தப்பு, லயத்தில் ஒருவர் கண் மூடினாலும் ஒலிக்கின்றது. அடி மாறுமே தவிர தோல் ஒன்றுதான். வாழ்வும் சாவும் ஒரே வாசலில் நிற்பவை என்பதை ஏடு படிக்காத அப்பெரியவர்கள் அறிந்திருந்தார்கள்.

ஓய்வூதியம் பெறும் என் போன்றவர்களுக்கு இதை நினைவூட்ட அரசாங்கமே ஒரு வழி வைத்திருக்கின்றது. ஆண்டுக்கு ஒருமுறை கிராம அலுவலரிடம் சென்று உயிர்வாழ் சான்றிதழ் பெற்றுக் கொடுக்க வேண்டும். நாம் உயிரோடு இருக்கிறோம் என்று இன்னொருவர் கையொப்பமிட்டால்தான் அடுத்த ஆண்டும் பணம் வரும். வரிசையில் நிற்கும் நண்பர்கள் இதைச் சொல்லிச் சிரித்துக்கொள்வார்கள். சென்ற ஆண்டு வரிசையில் நின்றவர்களில் சிலர் இவ்வாண்டு இருக்கமாட்டார்கள். சிரித்துக்கொண்டே அந்த வரிசையில் நிற்க எப்படி முடிகின்றது? இதுவே நாம் இன்று சிந்திக்க வேண்டியது.

காமன் கதை

கச்சியப்ப சிவாச்சாரியார் அருளிய கந்தபுராணத்தில் காமதகனம் விரிவாகக் கூறப்படுகின்றது. சூரபத்மனின் கொடுமையால் தேவர்கள் வாடுகின்றனர். சிவபெருமானின் திருக்குமாரன் ஒருவனால்தான் அசுரர்கள் அழிவர். ஆனால் பெருமானோ மௌன யோகத்தில் அமர்ந்திருக்கின்றார். உமாதேவியார் இமவான் மகளாகப் பிறந்து தவம் இயற்றுகின்றார். யோகம் கலைந்து திருமணம் நடந்தால்தான் முருகன் அவதரிப்பான். அந்த யோகத்தைக் கலைக்க மன்மதனை அழைக்கின்றனர்.

மன்மதன் விளைவை அறியாமல் போனவன் அல்லன். நெற்றிக்கண்ணின் முன் நின்றால் சாம்பலாவோம் என்று அவனுக்குத் தெரியும். முதலில் மறுக்கின்றான். பின்னர், ஈசன் கையால் அழிந்தால் மீண்டும் ஈடேற வழி உண்டு என்று தேறிப் புறப்படுகின்றான். மலர்க்கணை தொடுக்கின்றான், எரிந்து சாம்பலாகின்றான். இரதி மண்ணில் புரண்டு கதறுகின்றாள். உமையம்மையின் திருமணத்தின்போது அவளுடைய வேண்டுதலுக்கு இரங்கிய பெருமான் மன்மதனை எழுப்பித் தருகின்றார். ஆயினும் இரதியின் கண்ணுக்கு மட்டுமே அவன் உருவத்தோடு தெரிவான். உலகத்தாருக்கு அவன் உடல் இல்லாத அனங்கன்.

இக்கதையை நம் மக்கள் ஏட்டோடு விட்டுவிடவில்லை. மாசி அமாவாசைக்குப் பின் வளர்பிறையில் காமன் பொட்டலில் கம்பம் நாட்டுவார்கள். இரதி, மதன் வேடமிடுபவர்கள் விரதமிருந்து, தப்பொலியோடு லயம் லயமாக ஆடி வருவார்கள். வேடமிட்ட இருவரையும் கண்ணெதிரே வந்த தெய்வங்களாகவே எண்ணி வீட்டு வாசலில் வரவேற்பார்கள். பௌர்ணமி இரவில் காமன் எரிக்கப்படுவான். மூன்றாம் நாள் உயிர்த்தெழுவான். தோட்டத்துக்குத் தோட்டம் முறையில் சிறு வேறுபாடு இருக்கலாம். கதையின் உயிர் ஒன்றே. பகலெல்லாம் கொழுந்தெடுத்தும் கவ்வாத்து வெட்டியும் களைத்த மக்கள் இரவெல்லாம் கண் விழித்து இதைப் பார்த்தார்கள் என்றால், அதில் தங்கள் வாழ்க்கையையே கண்டார்கள் என்பதில் ஐயமில்லை. அவர்கள் கண்டவற்றுள் மூன்றை மட்டும் இங்கு எடுத்துக்கொள்வோம்.

ஒன்று: அறிந்தே சென்றான்

காமன் தன் முடிவை அறிந்தே சென்றான். நாமும் அப்படித்தான். பிறந்த அனைவரும் போகும் வழி எது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். நாள் மட்டும்தான் தெரியாது. ஆகவே சாவு உண்டா இல்லையா என்ற கேள்வியில் காலத்தைப் போக்குவதில் பயனில்லை. போவதற்கு முன் எதற்காக நடந்தோம் என்பதே கேள்வி. காமன் தன் இன்பத்துக்காகக் கணை தொடுக்கவில்லை. தேவர்களின் துயர் தீரவும் ஒரு குழந்தை பிறக்கவும் தொடுத்தான். அந்தக் குழந்தைதான் நம் முருகன். நாம் பாடும் ஒவ்வொரு கந்தசஷ்டிக்குப் பின்னாலும் ஒருவனின் சாம்பல் இருக்கின்றது.

நம் பாட்டன் பூட்டன்மாரை நினைத்துப் பாருங்கள். அவர்கள் இந்த நாட்டுக்கு வரத் தொடங்கிய ஆண்டாக 1823 கொள்ளப்படுகின்றது. தலைமன்னாரில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தவர்களில் பலர் காய்ச்சலாலும் பேதியாலும் வழியிலேயே மாண்டார்கள். 200 ஆண்டு நிறைவை நினைந்து 2023ஆம் ஆண்டில் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடைபயணம் சென்றபோது, பெயர் தெரியாத அம்முன்னோருக்கும் அஞ்சலி செலுத்தினார்கள். முதலில் கோப்பி, பிறகு தேயிலை. இன்று நாம் கொழுந்து பறிக்கும் பழைய தூர்களில் பலவற்றை நட்ட கைகள் எவை என்று எந்தப் பதிவேட்டிலும் இல்லை. தூர் இருக்கின்றது. கொழுந்து வருகின்றது.

நம் ஊர் இரயில் பாதையும் அப்படியே. தெமோதரை நிலையத்தை விட்டுப் பதுளை நோக்கி இறங்கும் இரயில், மலையைச் சுற்றி வந்து, தான் நின்ற நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கத்தில் நுழைந்து வெளியே வருகின்றது. கங்காணி ஒருவர் தலைப்பாகை சுற்றியதைப் பார்த்துத்தான் இந்த வளைவுக்கு யோசனை பிறந்தது என்று செவிவழிக் கதை ஒன்று உண்டு. ஒன்பது வளைவுப் பாலம் 1921இல் நிறைவுற்றது. பாதை 1924இல் பதுளையை அடைந்தது. கல் சுமந்தவர், சுரங்கம் குடைந்தவர் எவரும் இன்றில்லை. அவர்கள் போட்ட பாதையில் நம் பிள்ளைகள் கொழும்புக்கு வேலைக்கும் படிப்புக்கும் போய்வந்தார்கள். தனக்குப் பின்னால் வருபவர் நடப்பதற்கு ஒரு சாண் பாதையாவது போட்டவன் வாழ்வு வீணாகாது. அது இரயில் பாதையாக இருக்க வேண்டியதில்லை. ஒரு பிள்ளைக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்ததாக இருக்கலாம். குடித்துச் சீரழிந்த அண்ணனின் குடும்பத்துக்கு ஒரு நேரச் சோறு போட்டதாகவும் இருக்கலாம்.

இரண்டு: இரதி அழுதாள்

நிலையாமையை உணர்ந்தவன் அழமாட்டான் என்று சிலர் போதிக்கின்றார்கள். இறந்த வீட்டுக்குப் போய், எல்லாம் மாயை, அழக்கூடாது என்று சொல்லிவிட்டு வருகின்றார்கள். நம் கூத்து அப்படிச் சொல்லவில்லை. கூத்தில் மக்களின் நெஞ்சை மிகவும் உருக்குவது இரதியின் புலம்பல்தான். தீய கனவு கண்டேன், போகாதே என்று தடுக்கின்றாள். போனவன் வரவில்லை என்றதும் ஊரே கேட்க அழுகின்றாள். பெருமான் அந்த அழுகையைக் குற்றமாகக் கொள்ளவில்லை. அந்த வேண்டுதலுக்கு இரங்கியே காமனை மீட்டுத் தருகின்றார். அன்பின் மறுபக்கம் கண்ணீர் என்பது இறைவனுக்குத் தெரியாததா?

ஆகவே இழவு வீட்டில் நாம் செய்ய வேண்டியது அறிவுரை சொல்வதன்று, அருகில் அமர்வது. இதை நம் லயத்து மக்கள் யாரும் கற்பிக்காமலே செய்து வந்திருக்கின்றார்கள். சாவு விழுந்த வீட்டில் அடுப்பு எரியாது. பக்கத்துக் காம்பிராவிலிருந்து தேநீரும் சோறும் வரும். மரண உதவிச் சங்கம் பெட்டிக்கும் பந்தலுக்கும் முன்னிற்கும். பேசாமல் இருந்த பங்காளியும் பாடை தூக்க வருவான். பதினாறாம் நாள் வரை அந்த வீட்டை ஊர் தனியே விடாது. இப்போது பிள்ளைகள் கொழும்பிலும் வெளிநாட்டிலும் இருப்பதால், சாவுக்கு வந்த மறுநாளே வேலைக்குத் திரும்ப வேண்டியுள்ளது. எட்டாம் நாள், பத்தாம் நாள் அந்த வீட்டில் ஒரு கிழவியோ கிழவரோ தனித்திருப்பார். அன்று மாலை ஒருவர் போய் வாசலில் உட்கார்ந்து அரை மணி நேரம் பேசிவிட்டு வந்தால், அதுவும் ஒரு பூசையே ஆகும்.

மூன்று: உடல் இல்லாமல் எழுந்தான்

காமன் திரும்பி வந்தான்; பழைய உடலோடு உலகத்தார் காண வரவில்லை. அவனை நேசித்தவளுக்கு மட்டுமே தெரிந்தான். இதில் உள்ள உண்மையை நாம் ஒவ்வொருவரும் அறிவோம். இறந்துபோன தாயை உலகம் காணாது. அவள் வளர்த்த பிள்ளையின் கையில், குழம்புக்கு உப்பிடும் அளவில், சாமி விளக்கைத் தூண்டும் விரலில் அவள் தெரிகின்றாள்.

மரணப் பதிவுப் படிவத்தில் பெயர், வயது, தொழில், இறப்பின் காரணம் ஆகியவற்றுக்கெல்லாம் கட்டங்கள் இருக்கின்றன. யாரை நேசித்தார், யார் இவரை நேசித்தார் என்று எழுத அதில் கட்டம் இல்லை. அரசாங்க இலிகிதராக வேலை செய்த நான் படிவங்களைக் குறை சொல்லமாட்டேன். படிவம் படிவத்தின் வேலையைச் செய்கின்றது. எழுதப்படாத அந்தக் கட்டத்தை நிரப்புவது நம் வேலை. அதை உயிரோடு இருக்கும்போதே நிரப்ப வேண்டும்.

பத்தாம் திருமுறையாகிய திருமந்திரத்தின் முதல் தந்திரத்தில் திருமூல நாயனார் யாக்கை நிலையாமை, செல்வ நிலையாமை, இளமை நிலையாமை, உயிர் நிலையாமை என்று நான்கையும் அடுத்தடுத்து உரைக்கின்றார். அத்தோடு அவர் நிறுத்தவில்லை. அதே தந்திரத்தில் தானச் சிறப்பும் அன்புடைமையும் கல்வியும் பின்னே வருகின்றன. இந்த வரிசையைக் கவனியுங்கள். நிலையாது என்று அறிந்தவன் வாழ்வை வெறுத்து மூலையில் முடங்கச் சொல்லப்படவில்லை. குறைந்த நாள் என்று தெரிந்துகொண்டு, கொடு, அன்பு செய், கற்றுக்கொள் என்று அனுப்பப்படுகின்றான். மகிழ்ச்சி என்பது இதன் பின்னால் தானே வருவது.

எல்லாச் சாவும் விதியா?

இங்கே ஒரு முக்கியமான செய்தியைச் சொல்லாவிட்டால் இக்கட்டுரை தவறான பாதையைக் காட்டிவிடும். நிலையாமையை ஏற்க வேண்டும் என்றதும், எல்லாம் விதி என்று கை கட்டி இருந்துவிடும் பழக்கம் நம்மிடம் உண்டு.

காமனை எரித்த திருத்தலம் திருக்குறுக்கை. மார்க்கண்டேயருக்காக எமனை உதைத்த திருத்தலம் திருக்கடவூர். இரண்டும் தமிழ்நாட்டில் இன்றைய மயிலாடுதுறை மாவட்டத்தில் உள்ளன. இரண்டும் அட்ட வீரட்டானங்கள் எட்டினுள் அடங்கியவை. காமனின் சாவை நிகழ்த்திய அதே பெருமான்தான், பதினாறு வயதுப் பாலகனின் உயிரைப் பறிக்க வந்த காலனைக் காலால் உதைத்தார். இவ்விரண்டையும் சேர்த்தே நாம் வணங்குகின்றோம். வர வேண்டிய சாவை ஏற்கவும், வரக்கூடாத சாவை எதிர்க்கவும் ஒரே இறைவன் கற்பிக்கின்றார். ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டால் பாடம் பாதியாகிவிடும்.

நம் மாவட்டத்திலேயே இதற்கு ஆறாத வடு ஒன்று உண்டு. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் சிலர் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. மண்ணுக்குள் போனவர்கள் பலரின் உடலைக்கூட எடுக்க முடியவில்லை. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்திருந்தது. அறிவித்தல் இருந்தும் மாற்றிடம் அமையவில்லை. மக்கள் அங்கேயே இருந்தார்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோதும் பதுளை மாவட்டம் உட்பட மலையகம் எங்கும் மண்சரிவுகள் உயிர்களைக் கொண்டுபோயின.

மழை பெய்வது இயற்கை. மலை சரிவதும் இயற்கையே. ஆனால் சரியும் மலைக்குக் கீழே ஆண்டுக்கணக்காக மக்கள் உறங்குவதை விதி என்று சொன்னால், அது காலனுக்கு நாமே கதவைத் திறந்துவிடுவதாகும். பாதுகாப்பான காணியும் வீடும் வேண்டும் என்று அமைதியாகவும் விடாமலும் கேட்பது பக்திக்கு மாறானது ஆகாது. மார்க்கண்டேயர் சிவலிங்கத்தைத் தழுவிக்கொண்டது போல, உயிரைத் தழுவிக்கொள்வது அது.

கேட்பது ஒருபுறம் இருக்க, நாமே செய்ய வேண்டியவையும் உள்ளன. மண்சரிவு எச்சரிக்கை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூன்று படிகளில் விடுக்கப்படுகின்றது. சிவப்பு என்றால் வெளியேற வேண்டும். வீட்டுச் சுவரிலோ நிலத்திலோ புதிய வெடிப்பு, நேராக நின்ற மரமோ கம்பமோ சாய்தல், இல்லாத இடத்தில் ஊற்று கிளம்புதல், தெளிந்த ஊற்று திடீரெனக் கலங்குதல் ஆகியவை மலை சொல்லும் முன்னறிவிப்புகள். இவற்றைக் கண்டால் இரவென்று பார்க்க வேண்டாம். ஆடு மாடு, நகை நட்டு என்று தேட வேண்டாம். பிள்ளைகளையும் முதியவர்களையும் கூட்டிக்கொண்டு உடனே வெளியேறுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்தை வீட்டுச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள். பக்கத்து வீட்டில் காது கேளாதவர், நடக்க இயலாதவர் இருந்தால் அவரை யார் தூக்குவது என்பதை மழைக்கு முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

இன்றே செய்யத்தக்கவை

அடியார்களே, மரணத்தை ஏற்றுக்கொண்டு மகிழ்ச்சியாக வாழ்வது எப்படி என்பதற்குப் பெரிய தத்துவம் தேவையில்லை. செய்யக்கூடிய சிலவற்றைச் சொல்கின்றேன்.

பேச வேண்டியவர்களோடு இன்றே பேசுங்கள். காணித் தகராறிலோ கல்யாணப் பேச்சிலோ மனம் முறிந்து பல ஆண்டு முகம் பாராதிருப்பவர்கள் நம்மிடையே இருக்கின்றார்கள். பாடை தூக்க வரும் கால், உயிரோடு இருக்கும்போதே வாசலுக்கு வரட்டும். திருவிழாவுக்கு இருவரும் வருவீர்கள் அல்லவா? விபூதி வாங்கிய கையோடு பேசிவிடுங்கள்.

உழைப்பு முழுவதையும் நாளைக்கென்றே சேர்த்து வைக்காதீர்கள். சேமிப்பு வேண்டும், கடன் கூடாது. ஆயினும், வெளிநாட்டில் வேலை செய்யும் மகள் அனுப்பும் காசில் சுவர் உயர்ந்துகொண்டே போக, அவள் குரலைக் கேட்க நேரமில்லாது போனால் அந்த வீட்டால் என்ன பயன்? கைத்தொலைபேசியில் காசைப் பற்றிக் கேட்கும் முன் சாப்பிட்டாயா மகளே என்று கேளுங்கள்.

முதியவர்கள் தங்கள் விருப்பத்தைச் சொல்ல முன்வந்தால் வாயை மூடாதீர்கள். எனக்குப் பின் இதை இப்படிச் செய்யுங்கள் என்று தகப்பன் தொடங்கும்போது, அந்தப் பேச்சு வேண்டாம் அப்பா என்று பிள்ளைகள் தடுத்துவிடுகின்றார்கள். பயத்தால் தடுக்கின்றார்கள், பாசத்தாலும் தடுக்கின்றார்கள். ஆனால் சொல்லி முடித்தவருக்கு மனம் இலேசாகின்றது. காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், ஊழியர் சேமலாப நிதிப் பத்திரம் எங்கே இருக்கின்றன என்று வீட்டில் இன்னொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். இழவு நடந்த வீட்டில் பெட்டி பெட்டியாகத் தேடி அலைவது துயரத்தின் மேல் துயரம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு குடும்பமும் ஒரு கொப்பி வாங்கி, தமக்குத் தெரிந்த வரையில் தாத்தா பாட்டி, பூட்டன் பூட்டி ஆகியோரின் பெயர், அவர்கள் எந்த ஊரிலிருந்து வந்தார்கள், எந்த மலையில் வேலை செய்தார்கள், அவர்கள் செய்த ஒரு நல்ல காரியம் ஆகியவற்றை எழுதுங்கள். நகைச்சுவையாகப் பேசுவார், தேங்காய் துருவாமல் கறி வைக்கமாட்டார் என்று எழுதினாலும் சரி. வீட்டில் மூத்தவர் இருக்கும் இந்த ஆண்டிலேயே கேட்டு எழுதுங்கள். அவரோடு போய்விட்டால் எந்தக் கந்தோரிலும் அந்தத் தகவல் கிடைக்காது. தை அமாவாசையிலும் ஆடி அமாவாசையிலும் பிதிர்க்கடன் செய்யும்போது, அந்தக் கொப்பியைத் திறந்து பெயர்களை வாய்விட்டுப் படியுங்கள். பிள்ளைகள் கேட்கட்டும். உடல் இல்லாதவர்கள் அந்தப் பெயர்களில் ஒரு கணம் வந்து நிற்பார்கள்.

அடுத்த மாசியில் பொட்டலில் காமன் எரியும்போது, பிள்ளைகளையும் கூட்டிச் செல்லுங்கள். ஏன் எரிக்கிறார்கள் என்று கேட்டால், போகும் முன் அவன் என்ன செய்தான் என்பதிலிருந்து தொடங்கிச் சொல்லுங்கள். மூன்றாம் நாள் எழுப்புவதையும் காட்டாமல் வீட்டுக்குக் கூட்டி வந்துவிடாதீர்கள்.

நீண்ட ஆயுளும் நோயற்ற வாழ்வும், பயமின்றிப் போகும் மனமும், போகும் வரை பிறருக்குப் பயன்படும் கையும் அடியார் அனைவருக்கும் கிடைக்க, நம் ஆலயத்தில் எழுந்தருளியிருக்கும் அம்பாளின் திருவடிகளைப் பணிந்து வேண்டுகின்றேன்.

சுபம்.

ஆலய தர்மகர்த்தா சபை உறுப்பினர்
(ஓய்வுபெற்ற அரசாங்க இலிகிதர்)
தெமோதரை